பச்சை மையில் ஒப்பம்

ஜூன் 9, திங்கள்

ஆறு மாத மகப்பேறு விடுப்பு முடிந்து இன்று பணியில் சேர்ந்தேன். பள்ளியில் எல்லோருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. பழைய ரவிக்கைக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு ஊக்குகளின் தயவில் மானம் தப்பியது.

நான் இந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. திங்கள், புதன், வெள்ளி முற்பகல் மட்டும் வேலை. ஒன்பதரைக்கு வந்து பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பலாம் என்று பணி ஆணை சொல்கிறது. அதை ஒன்பது வருடமாகப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தக் காகிதத்தைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஹெச்.எம். தங்கமுத்து சார் என்னைப் பார்த்ததும் உண்மையாகவே மகிழ்ந்தார். "வந்துட்டீங்ளா டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷ வேலை இருக்குதுங்க" என்றார். பாப்பா எப்படி என்று கேட்பார் என நின்றேன். சான்றிதழ்க் கட்டை எடுத்து நீட்டினார். போன டிசம்பரில் நடந்த விளையாட்டு விழாவின் சான்றிதழ்கள், நூற்று நாற்பது. என் கையெழுத்து அழகு என்பதால் ஆறு மாதமாக எனக்காகக் காத்திருந்தனவாம். பிரசவ வலி கண்ட அன்றுகூட இவருக்காக மதிப்பெண் பட்டியலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

கிளம்பும்போது மூன்றே முக்கால். பாதியிலேயே பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு சார்ட் அட்டையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி பேருந்தில் வந்தேன். "கலர்ஸ் ஆஃப் இந்தியா" என்று எழுதிய அட்டை. பக்கத்து சீட் அம்மா அதை முழுதாகப் படித்தார்.

வீட்டில் மகிழன் அழுது அழுது சிவந்திருந்தான். மகிழன் என்று நாங்கள் பெயர் வைத்தோம், அவன் இன்னும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. என் கணவர் யுவராஜுக்கு மில்லில் இரவு ஷிப்ட். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக வாக்களித்தவர் அவன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. மாமியார் கோயம்புத்தூரில் கொழுந்தனாரின் இரட்டைக் குழந்தைகளோடு இருக்கிறார். அங்கே இரண்டு, இங்கே ஒன்று. பெரும்பான்மை வென்றது.

ஜூன் 11, புதன்

கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் பால் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத் திரும்பினால், அதே காரியத்துக்காக ரஹ்மத் அக்கா எதிரே வருகிறார். பகுதிநேரத் தையல் ஆசிரியை. எனக்கு முற்பகல் என்றால் அவருக்குப் பிற்பகல், அதே மூன்று நாள். என்னோடு சேர்ந்து விடுப்பு எடுத்து, எனக்கு ஒரு மாதம் பின்னால் பிரசவித்தவர். மகள் ஸைனப்புக்கு ஐந்து மாதம். அவர் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு இருவருமே அழுதோம். அது சிரிப்பின் தொடர்ச்சிதான், கவலைப்பட ஒன்றுமில்லை.

அக்காவின் வீடு பள்ளி கேட்டிலிருந்து மூன்றாவது வாசல். அங்கேயே திட்டம் தீட்டினோம். முற்பகல் நான் வகுப்பெடுக்கும்போது இரண்டு பிள்ளைகளும் அவரிடம். பன்னிரண்டு நாற்பதுக்கு நான் அங்கே போவேன், அவர் இங்கே வருவார். யார் தயவும் வேண்டாம். இத்தனை எளிமையான யோசனை இரண்டு அரசாங்க ஊழியர்களுக்குத் தோன்றியது என்பதே பெரிய விஷயம்.

ஜூன் 13, வெள்ளி

கைமாற்றியது 12.43-க்கு. இரண்டு பிள்ளைகள், இரண்டு பைகள், ஒரு கிலுகிலுப்பை. சேதாரம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

இந்த வாரத்தின் ஐந்து நிமிடங்கள்: அடையாள அட்டைக்குப் பிள்ளைகளைப் படம் எடுத்தது, இரண்டரை மணி நேரம். அதைக் கணினியில் ஏற்றியது, செவ்வாய் முழுவதும். செவ்வாய் எனக்கு வேலை நாளே இல்லை. சத்துணவுக் கூடத்துக்கு "கைகளைக் கழுவுக" என்று எழுதியது, நாற்பது நிமிடம். அதில் "கழுவுக" சிறியதாக இருக்கிறது என்று மறுபடி எழுதியது, நாற்பது நிமிடம்.

ஹெச்.எம். கெட்டவர் இல்லை. மூன்று வருடமாக இந்தப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது. மேலிடத்திலிருந்து வருகிற ஒவ்வொரு படிவத்துக்கும் அவர் முகம் வெளுப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளுத்த முகத்தோடு வராந்தாவுக்கு வந்து யார் கண்ணில் படுகிறார்கள் என்று பார்ப்பார். நிரந்தர ஆசிரியர்களுக்குச் சங்கம் இருக்கிறது. எனக்கு அழகான கையெழுத்து இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்பதால் பணிப்பதிவேட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வாரம் என்ன நடத்தினேன் என்று எழுதி வைக்க வேண்டும். திங்களன்று பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் ஒப்பமும் "பார்வையிடப்பட்டது" என்ற முத்திரையுமாகத் திரும்பி வரும். இந்த நாட்குறிப்பும் அதே கட்டில் மிஞ்சிய நோட்டுதான். அதே பழுப்பு அட்டை, அதே லேபிள். ஆனால் இதில் மகிழனின் கேழ்வரகுக் கூழ்க்கறை இருக்கிறது, அதனால் மாறிப்போக வாய்ப்பில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று எங்கள் இருவரையுமே வரச் சொன்னார். மாணவர் விவரக் கணக்கெடுப்பு, நாளைக்குள் முடிக்க வேண்டுமாம். இருவரும் வந்தால் பிள்ளைகள் யாரிடம்? இடுப்புக்கு ஒன்றாகக் கொண்டு போனோம்.

ஹெச்.எம். இரண்டு குழந்தைகளையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பள்ளிக்கூடம் கைக்குழந்தைங்க வர்ற இடமில்லீங்க. ஆபீசர் பாத்தா எனக்குத்தான் மெமோ வரும். ஆகஸ்டு கடைசில உங்க ரெண்டு பேருக்கும் 'பணி திருப்தி'ன்னு நான்தான் எழுதிக் குடுக்கோணும், அதை மனசுல வச்சுக்கங்க" என்றார்.

எங்கள் பணி நீட்டிப்பு அந்த இரண்டு சொல்லில்தான் தொங்குகிறது. அது இல்லாவிட்டால் ஒன்பது வருடமும் போச்சு. ரஹ்மத் அக்காவுக்கு ஏழு வருடம். சரிங்க சார் என்றோம். மகிழன் அவர் மேசை மேல் இருந்த முத்திரையை எடுத்து வாயில் வைத்தான். இவருடைய தலை பனங்காய் போல இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வதை இதுவரை கண்டித்து வந்திருக்கிறேன். இனிமேல் கண்டிக்க மாட்டேன்.

ஜூலை 2, புதன்

வாரத்துக்கு ஐந்து நாளும் அழைக்கிறார். பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது. மேலே சொன்ன இரண்டு வாக்கியத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் கடத்தல் தொழிலில் இறங்கிவிட்டோம்.

ஓவியத்துக்கும் தையலுக்கும் சேர்த்து ஒரே அறை. கட்டடத்தின் பின்கோடியில், ஐந்து படி ஏற வேண்டும். ஹெச்.எம். முழங்கால் வலிக்காரர், அங்கே வந்து இரண்டு வருடமாகிறது. கூரையில் மின்விசிறிக்கான கொக்கி உண்டு, மின்விசிறி வரவே இல்லை. அதில் அக்கா பழைய புடவையால் தொட்டில் கட்டினார். கீழே பாய், சுற்றிலும் தையல் இயந்திரங்களால் வேலி. எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது படியேறினால் "வணக்கம் ஐயா" என்று தெருமுனை வரை கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். இதே பெண்களிடம் ஒரு மாதமாக ஒரு நேர்கோடு வாங்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

ஈரோட்டில் ஏதோ கூட்டம். போக வேண்டிய ஆசிரியருக்கு வேறு வேலை, அதனால் நான் போனேன். கணிதத்தைக் கொண்டாட்டமாகக் கற்பிப்பது எப்படி என்று நாலு மணி நேரம் சொன்னார்கள். திரும்பும் வழியில் பேருந்து நின்றுவிட்டது.

அறைக்குள் வரும்போது ஐந்தே கால். எனக்கு முன்னால் பசி வந்துவிட்டது மகிழனுக்கு. புட்டியைத் துப்பிவிட்டு முகம் நீலமாகும் வரை கத்தியிருக்கிறான். அக்கா தானே எடுத்துப் பால் கொடுத்துவிட்டார். நான் வந்தபோது அவர் மடியில் அவன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அக்காதான் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காத அம்மிணி. புள்ளை துடிக்கறதப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. எங்க முறைப்படி இனி இவன் எனக்கும் மகன்தான், ஸைனப்புக்கு அண்ணன். பெரியவங்களாயி கட்டிக்கறேன்னு வந்து நின்னாக்கூட முடியாது."

நல்லதாகப் போயிற்று, ஒரு கல்யாணச் செலவு மிச்சம் என்றேன். இருவரும் சிரித்தோம்.

எனக்கு ஒன்றுமில்லை. நன்றியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பீர்க்கங்காய் துவையல் அரைத்தேன். தோலையும் போட்டு அரைத்தால் நன்றாக வரும், கொஞ்சம் புளி தூக்கலாக இருக்க வேண்டும். யுவராஜ் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு மகிழனின் துணிகளைத் துவைத்தேன். துவைத்தவற்றையே மறுபடி ஒருமுறை துவைத்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 11, வெள்ளி

தலையில் இடி. ஹெச்.எம். மேசையில் நான் வைத்துவிட்டு வந்தது பணிப்பதிவேடு இல்லை. அது என் பையில் இருக்கிறது. இதை ஒரு மளிகைக் கடைக் காகிதப் பையின் பின்புறம் எழுதுகிறேன், ஏனென்றால் நாட்குறிப்பு அவரிடம் இருக்கிறது.

தொட்டில், தையல் இயந்திர வேலி, "வணக்கம் ஐயா", எல்லாம் அதில் உண்டு. பனங்காயும் உண்டு.

ஜூலை 12, சனி

பள்ளி பூட்டிக் கிடக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யுவராஜ், பனங்காயில் சத்து அதிகம் என்று சொல்லிச் சமாளி என்றார். இவரைக் கட்டிக்கொண்டது என் சொந்த முடிவு.

ஜூலை 13, ஞாயிறு

ரஹ்மத் அக்காவிடம் போய்ச் சொன்னேன். என் மடத்தனத்தால் அவருக்கும் வேலை போகப் போகிறது. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை 14, திங்கள்

நோட்டு திரும்பி வந்துவிட்டது. மற்ற பதிவேடுகளோடு அடுக்கில், ஒன்பதாவதாக.

ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை ஒப்பம். ஒவ்வொரு பக்கத்திலும் "பார்வையிடப்பட்டது". ஜூன் 24-ஆம் தேதிப் பக்கத்தில் முத்திரை சரியாகப் பனங்காயின் தலை மேல் விழுந்திருக்கிறது. ஹெச்.எம். என்னைப் பார்த்து வழக்கம் போல ஐந்து நிமிட வேலை ஒன்றைக் கொடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மனிதர் ஒரு வரி படிக்கவில்லை.

முதலில் நிம்மதி வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. மூன்றாவதாக வந்தது கோபம், அதுதான் இன்னும் போகவில்லை. மூன்று வருடமாக இவருக்காக ஒளி நிழல் பாடத்தை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். மகிழன் தூங்கிய நேரத்தில் நானும் தூங்காமல் எழுதியிருக்கிறேன். அத்தனையும் யாருமே படிக்காத எழுத்து.

கடைப்பையில் எழுதியதை இந்த நோட்டில் ஒட்டிவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் நோட்டு மாறப் போகிறது. பிள்ளை பெற்றவளுக்கு மறதி சகஜம்.

ஜூலை 21, திங்கள்

இன்றும் எல்லாப் பக்கத்திலும் ஒப்பம், ஒட்டிய கடைப்பையின் மேலும் ஒப்பம். இனிமேல் எதையும் ஒழுங்காகப் பதிந்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்று வந்தது 9.20, கிளம்பியது 4.50. ஆணைப்படி 12.40. கூடுதல் வேலை: வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டது.

ஜூலை 23, புதன்

வந்தது 9.25, கிளம்பியது 5.10. ஹெச்.எம். அவர்கள் இரண்டு கைக்குழந்தைகளும் ஓவிய அறையில் இருக்கப் பெருந்தன்மையுடன் அனுமதி அளித்தார்.

அளிக்கவில்லை. திங்கட்கிழமை ஒப்பம் வந்ததும் அளித்தவராவார்.

ஜூலை 28, திங்கள்

அளித்துவிட்டார்.

அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, "இது தப்பில்லையா அம்மிணி" என்றார். தப்புதான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, தன் பெயரையும் அதில் சேர்த்து எழுதச் சொன்னார். நாளைக்கு ஒன்று ஆனால் நான் மட்டும் மாட்டக் கூடாதாம். இப்படி ஒருவரிடம் என் பிள்ளையை விட்டிருக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

எனக்கு வேலை நாள் இல்லை. வந்தது 9.30, கிளம்பியது 6.15. நாளை தாய்ப்பால் வார விழிப்புணர்வு ஊர்வலமாம், எட்டு அடிப் பதாகை வேண்டுமாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாயை வரைந்தேன். "தாயின் மடியே சேயின் முதல் உலகம்" என்று ஹெச்.எம். வாசகம் கொடுத்தார். புடவைக்கு என்ன நிறம் என்பதில் மட்டும் மூன்று முறை கருத்து மாறினார்.

நான் அந்தத் தாயின் புடவைக் கரைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது, மகிழன் அக்காவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். இது நாலாவது முறை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மகிழன் இன்று "ம்மா" என்றான். அக்காவைப் பார்த்து.

பதாகை நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு நாளாக எழுதவில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று இன்று புரட்டிப் பார்த்தேன். எல்லாம் பொய். எனக்கு வயிறு எரிகிறது. அக்காவின் மேல் இல்லை. அன்று அவன் அப்படிச் சொன்னதும் அக்கா அவனை அவசரமாக என் பக்கம் திருப்பி, அம்மா அங்கே, அங்கே பார் என்று என்னைக் காட்டினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. சொந்தப் பிள்ளைக்கு என்னை ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது.

வாரத்தில் மூன்று அரை நாள் என்பதால்தானே இந்த வேலையில் இருக்கிறேன். மீதி நேரம் அவனுடையது. அதை ஐந்து ஐந்து நிமிடமாக எடுத்துக்கொண்டார்கள், நானும் ஒவ்வொரு முறையும் சரிங்க சார் என்று எடுத்துக் கொடுத்தேன். இனி நோட்டில் எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தால் போதாது. ஆகஸ்டு கடைசியில் அந்த இரண்டு சொல் கைக்கு வரட்டும், வாய் திறக்கிறேன்.

இதையும் வெள்ளியன்று அவர் மேசையில் வைப்பேன். படிக்கட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படிக்கவில்லை. ஒப்பம் மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

நிதானமாக எழுத வேண்டும். 

பதினொரு மணிக்குச் சொல்லாமல் ஆய்வுக்கு வந்துவிட்டார் கல்வி அலுவலர். ஐம்பது வயதுப் பெண்மணி, பருத்திப் புடவை, கையில் பேனாவைத் தவிர ஒன்றுமில்லை. எல்லா வகுப்பையும் பார்த்துவிட்டு, பின்கோடியில் என்ன என்று கேட்டிருக்கிறார். படியேறப் பயந்து, அது வெறும் சாமான் அறை என்று ஹெச்.எம். சொன்ன அதே நொடியில், படியருகே ஆளைக் கண்ட எங்கள் பெண்கள் "வணக்கம் ஐயா" என்று கூரை அதிரக் கத்தினார்கள். அம்மையாரைப் பார்த்து ஐயா என்றது ஒரு பக்கம் இருக்க, அந்தச் சத்தத்தில் ஸைனப் விழித்து வீறிட்டாள். அவளுக்குத் துணையாக மகிழனும் சேர்ந்துகொண்டான்.

அலுவலர் ஐந்து படியும் ஏறி வந்தார். பின்னால் முழங்காலைப் பிடித்தபடி ஹெச்.எம். தொட்டில், பாய், தையல் இயந்திர வேலி, அதற்குள் சுண்ணக்கட்டி தின்றுகொண்டிருக்கும் என் மகன். அவனை அள்ளி எடுத்து வாயைத் துடைத்தேன். அக்கா ஸைனப்பை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். அவர் உதடு வெளுத்துவிட்டது.

ஹெச்.எம். முந்திக்கொண்டார். தனக்கு எதுவுமே தெரியாது, ஜூனிலேயே கண்டிப்பாகத் தடை சொல்லியாயிற்று, தன் பேச்சை மீறியிருக்கிறார்கள், இருவருக்கும் இந்த வருடம் பணி திருப்தி எழுதப் போவதில்லை, நீட்டிப்பும் வேண்டாம் என்று அறிக்கை அனுப்பிவிடுகிறேன் என்றார். மூச்சு விடாமல் சொன்னார்.

அலுவலர் எங்களிடம், "யாரு அனுமதி குடுத்தா?" என்று கேட்டார்.

என் பை கொக்கியில் தொங்கியது. அதற்குள் நோட்டு. எடுத்துக் கொடுத்தால் அனுமதி இருக்கிறது. கூடவே பனங்காய் இருக்கிறது. அந்த அனுமதி எப்படி வந்தது என்று நானே என் அழகான கையெழுத்தில் எழுதி வைத்ததும் இருக்கிறது. நோட்டு மாறியது மறதியால் இல்லை என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கொடுத்தால் என் வேலை போகலாம். கொடுக்காவிட்டால் இருவர் வேலையும் இப்போதே போகிறது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகிழன் தோளில் விக்கிக்கொண்டிருந்தான்.

"ஹெச்.எம். சாருங்க மேடம். எழுத்துல இருக்குதுங்க" என்று சொல்லி நோட்டை நீட்டினேன்.

அவர் நின்றபடி முதல் பக்கத்தைப் படித்தார். ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிறகு எல்லாப் பக்கத்தையும் படித்தார். கால் மணி நேரம் இருக்கும். முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிற அறையில் பக்கம் புரள்வது மட்டும் கேட்டது. ஓரிடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பனங்காயாக இருக்க வேண்டும். பின்னால் ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அதே பக்கத்தைப் படித்தார். அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

நோட்டை விரித்து ஹெச்.எம். முன்னால் பிடித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

ஹெச்.எம். பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கம், இன்னொன்று. வாழ்க்கையில் முதல் முறையாக என் எழுத்தைப் படித்தார். காது வரை சிவந்தது.

"என்னுதுதாங்க."

"எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

படிக்கவில்லை என்றால் மூன்று வருடத்து ஒப்பமும் கேள்விக்குள் வரும், இந்த ஒரு நோட்டோடு நிற்காது. படித்தேன் என்றால் அனுமதியும் அவருடையது, மாலை ஐந்து மணியும் ஆறே காலும் அவருடையது, பனங்காயும் அவருடையது. மனிதர் படுகிற பாட்டைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"படிச்சுத்தாங்க போட்டேன் மேடம்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஆய்வுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதினார். பகுதிநேர ஆசிரியர்களைப் பணி ஆணையில் உள்ள நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தலைமை ஆசிரியர் அளித்த அனுமதிப்படி குழந்தைகள் அந்த அறையிலேயே இருக்கலாம். காலியாக உள்ள எழுத்தர் இடத்துக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். கொக்கிக்கு மின்விசிறி வாங்க வேண்டும்.

போகும்போது நோட்டை என்னிடம் தந்தார். "எல்லாம் படிச்சேன். எல்லாம்னா எல்லாமும்தான். அடுத்த தடவை நோட்டு மாறாம பாத்துக்கங்க" என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அவர் வாசலைத் தாண்டும் வரை அடக்கிவைத்து, பிறகு நானும் அக்காவும் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்று அழுதோம். இந்த முறை சிரிப்பு பின்னால் வந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இரண்டு பேருக்கும் "பணி திருப்தி" வந்துவிட்டது. பச்சை மையில். அக்கா தன்னுடையதை நாலு முறை வாசித்துவிட்டு, என்னுடையதையும் வாங்கி வாசித்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வந்தது 9.30. ஹெச்.எம். வராந்தாவில் பிடித்துக்கொண்டார். பழக்கதோஷம், நாளைக்கு ஒரு அஞ்சு நிமிஷ வேலை இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"நாளைக்குச் செவ்வாய்ங்க சார்" என்றேன்.

ஒன்பது வருடத்தில் இந்த மூன்று சொல்லைக் கோத்துச் சொல்ல எனக்கு இன்றுதான் வாய் வந்தது.  ஆமாங்க, செவ்வாய்தான் என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவர் எல்லாப் பதிவேட்டையும் படித்துவிட்டுத்தான் ஒப்பம் போடுகிறாராம். பதினாறு ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு வாரத்துப் பாடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை வரை உட்கார்ந்திருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்ததாம். நான் கிளம்பும்போது கண்ணைக் கசக்கியபடி, இவ்வளவு எழுதினா எப்பங்க டீச்சர் படிக்கறது என்று கேட்டார்.

அஞ்சு நிமிஷ வேலைதானுங்களே சார் என்றேன்.

கிளம்பியது 12.40.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வேலை நாள் இல்லை. பீர்க்கங்காய் வாங்கவில்லை, துணி துவைக்கவில்லை. யுவராஜ் உள்ளே குறட்டை. மகிழனும் நானும் பாயில் கிடந்தோம்.

பத்து மணிக்கு அவன் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ம்மா" என்றான். பிறகு மின்விசிறியைப் பார்த்தும் அதையே சொன்னான், தலையணையைப் பார்த்தும் சொன்னான். நாளைக்கு ரஹ்மத் அக்காவைப் பார்த்தாலும் சொல்வான், சொல்லட்டும், அவருக்கும் மகன்தான். ஆனால் முதலில் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

இந்தப் பக்கம் ஹெச்.எம். மேசைக்குப் போகாது. இதற்கு யாருடைய ஒப்பமும் வேண்டாம்.